இரண்டு முகவரிப் பிள்ளை

அந்த நாட்களில் சுவீடனின் மால்மோவில் நித்திரை கொண்டு, கடல் மேலுள்ள பாலத்தால் டென்மார்க்குக்கு வந்து கோப்பன்ஹேகன் பக்கம் பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளைகள் எங்களில் நாலைந்து பேர் இருந்தோம். காலை ஆறு மணி ரயிலில் உங்களைக் கண்டிருக்கிறேன். நீங்களும் என்னைக் கண்டிருப்பீர்கள். பச்சைக் குளிரங்கி, இரட்டைப் பின்னல், மடியில் பள்ளிப் பை. நாங்கள் ஒருவரோடொருவர் கதைத்ததில்லை. கதைக்க வேண்டாம் என்று உங்கள் வீட்டிலும் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். இப்போது உங்களுக்கும் முன்தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். இதை முதலில் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை, ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவும் எனக்கு வராது. எழுதும்போது யாரையும் பார்க்கத் தேவையில்லை.

வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அம்மா நோயில் இறந்துபோனார். நாலு வருடம் கழித்து அப்பா யாழ்ப்பாணம் போய் இரண்டாம் கலியாணம் செய்துகொண்டு வந்தார். வந்தது அப்பா மட்டும்தான். சின்னம்மாவைக் கூப்பிட டென்மார்க் சம்மதிக்கவில்லை. சட்டத்தை அப்போதுதான் இறுக்கியிருந்தார்கள். அப்பாவிடம் டென்மார்க் பாஸ்போர்ட் இருந்தும் பலிக்கவில்லை. அந்த நேரம் எல்லோர் வாயிலும் ஒரு வழி அடிபட்டது. பாலத்தால் அந்தப் பக்கம் போய்ச் சுவீடனில் குடியிருந்தால், ஐரோப்பியச் சட்டப்படி மனைவியைக் கூப்பிடலாம். ஒன்றிரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டுக் குடும்பமாக டென்மார்க்குக்குத் திரும்பி வரலாம். டேனிஷ்காரர் பலரே அப்படிச் செய்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, உண்மையாகவே அங்கே குடியிருக்க வேண்டும்.

அப்பா மால்மோவில் மூன்றாம் மாடியில் ஓர் அறையும் கூடமும் உள்ள வீடு எடுத்தார். அவருக்கு வேலை கோப்பன்ஹேகன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில். அது பாலம் தாண்டியதும் முதல் நிறுத்தம். அவருக்குச் சிரமம் இல்லை. சிரமம் என்னால்தான் வந்தது.

நான் கோப்பன்ஹேகனின் புறநகரான புரொண்பியில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். "ஒண்டரை வருசத்துக்காகப் பிள்ளையின்ர படிப்பைக் குழப்பேலாது. திரும்பி வந்து என்னெண்டு டேனிஷ் பிடிப்பாள்?" என்றார் அப்பா. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டுமென்றால் அந்த நகரசபை எல்லைக்குள் முகவரி இருக்க வேண்டும். நகரசபையை நாங்கள் கொமூன் என்போம். அதனால் அப்பா தன் பெயரை மட்டும் சுவீடனுக்கு மாற்றி, என் பெயரைப் புரொண்பியில் பெரியப்பா வீட்டு முகவரியில் விட்டுவிட்டார். தூங்கி எழும்புவது மால்மோ, கடதாசியில் இருப்பது புரொண்பி. அப்பா இதைப் பெரிய கெட்டித்தனமாக நினைத்தார். இரண்டு நாட்டுக்காரரும் ஒருவரோடொருவர் கதைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எப்படித்தான் நம்பினாரோ.

சின்னம்மா வந்து சேர்ந்த கிழமையே, வெறும் நிலத்தில் சம்மணம் போட்டு உட்காரவைத்து அப்பா எனக்குப் பாடம் எடுத்தார்.

"டேனிஷில ஆரும் கேட்டா நீ இருக்கிறது எங்க?"

"புரொண்பியில. பெரியப்பா வீட்டில."

"மால்மோ?"

"லீவுக்கு மட்டும் போறனான்."

"ஸ்வீடிஷில கேட்டா?"

"மால்மோவில. அப்பாவோடையும் சின்னம்மாவோடையும்."

"தமிழில கேட்டா?"

எனக்குத் தெரியவில்லை.

"தமிழில கேட்டா, அப்பாட்டக் கேளுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்திடு. அவைதான் பொல்லாத ஆக்கள்."

சின்னம்மா வாசலில் நின்று சிரித்தார். "இஞ்சாருங்கோ, இங்கிலிஷில கேட்டா?"

"இங்கிலிஷில இவளை ஆர் கேக்கிறது, லண்டன் ராணியே?"

மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை. அதனால் இது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த வீட்டில் பொருள் இல்லை. எங்களுடைய சோபா, கண்ணாடி அலுமாரி, அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் பெரியப்பாவின் நிலவறையில் கிடந்தன. மால்மோவில் மூன்று மெத்தை, ஒரு மடிக்கும் மேசை, ஒரே ஒரு கதிரை, சுவரோரமாக நாலு சூட்கேஸ். உடுப்பெல்லாம் சூட்கேஸுக்குள்தான். சின்னம்மா வந்த அன்று பால் காய்ச்ச வேண்டும் என்று கேட்டார். புதுச் சட்டி ஒன்றும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். அப்பா சம்மதிக்கவில்லை.

"இது வீடே? ரெயில் ஏற வந்து நிக்கிற இடம். பாலைப் புரொண்பியில காய்ச்சுவம்."

சின்னம்மா சட்டியைத் திரும்பக் கடதாசியில் சுற்றி வைத்தார். உண்மையாகவே குடியிருக்கிறோம் என்று ஒரு நாட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, குடியிருக்கவே மாட்டோம் என்பதுபோல அப்பா அந்த வீட்டை வைத்திருந்தார். யாராவது கதவைத் திறந்து ஒருமுறை பார்த்தாலே போதும். அது அப்போது எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

காலை ஐந்துமணிக்குச் சின்னம்மா என்னை எழுப்புவார். குளிர் கையோடு தொடமாட்டார். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டு வந்துதான் தலையைத் தொடுவார். நல்லெண்ணெய் இரண்டு சொட்டு வைத்து இறுக்கிப் பின்னுவார். கறுப்புப் பாணுக்குள் சம்பலைப் பூசி மதியச் சாப்பாடு கட்டித் தருவார். வகுப்பில் அதைத் திறந்தால் முன்வரிசை வரைக்கும் மணக்கும். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. நான் அவரை அம்மா என்று கூப்பிட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

"இந்தக் கடிதம் வந்திட்டுதெண்டா நானும் ரெயிலில வருவன் பிள்ளை. நீ பள்ளிக்கூடம், நான் டேனிஷ் வகுப்பு. எனக்கு நீதான் வீட்டுப்பாடம் சொல்லித் தரவேணும். தருவியோ?"

"ஓம்."

"அடிக்கப்படாது."

அந்தக் கடிதம்தான் எல்லாம். சுவீடன் சம்மதித்தால் சின்னம்மா இருக்கலாம். சம்மதிக்காவிட்டால் போக வேண்டும். அவர் குறுகிய கால விசாவில் வந்திருக்க, விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். பகல் முழுக்க அவர் அந்த வீட்டில் தனியே இருந்தார். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் நிற்பேன் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். சத்தம் எங்கள் மாடியைத் தாண்டி மேலே போகும்வரை எண்ணுவாராம். பதினெட்டுப் படி.

ரயிலில் அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் இருப்போம். பனிக்காலத்தில் பாலத்தில் ஏறும்போது வெளியே ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் எங்கள் முகங்கள்தான். சக்கரச் சத்தம் மாறுவதை வைத்துத்தான் கீழே கடல் என்று தெரியும். பிறகு பாலம் முடிந்து, கடலுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் ரயில் இறங்கும். காது அடைக்கும். அப்பா வாயைத் திறந்து மூடச் சொல்லுவார். மேலே வந்ததும் விமான நிலையம். அவர் இறங்கிவிடுவார். மேடையில் நின்று கண்ணாடியூடாக என்னைப் பார்த்து, ஒரு விரலை மெதுவாக ஆட்டுவார். கவனம் என்று அர்த்தம். அதற்கப்பால் நான் தனியே. கோப்பன்ஹேகனில் மாறி, புரொண்பிக்கு இன்னொரு ரயில். பெரியப்பா வீட்டுத் திறப்பு என் கழுத்தில் தொங்கும்.

மார்கழியில் ஒருநாள் ரயில் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. புயல். அப்பாவுக்கு அன்று விடியற்காலை வேலை, முன்ரயிலில் போய்விட்டார். நான் மட்டும் இருந்தேன். பெட்டி முழுவதும் மெல்ல அசைந்தது. கண்ணாடியில் உப்புத் தண்ணீர் வந்து அடித்தது. எந்த நாட்டில் நிற்கிறோம் என்று யாரோ பகிடி விட, ஒருவரும் சிரிக்கவில்லை. டிக்கெட் பார்ப்பவர் வரிசையாக வந்து என்னருகில் குனிந்தார்.

"நீ தனியாகவா? வீட்டுக்குத் தகவல் சொல்லட்டுமா? எங்கே இருக்கிறாய்?" என்று டேனிஷில் கேட்டார்.

"புரொண்பியில், பெரியப்பா வீட்டில்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த மாத அட்டையைப் பார்த்தார். மால்மோவிலிருந்து கோப்பன்ஹேகனுக்கு என்று அதில் பெரிதாக எழுதியிருந்தது.

"அப்படியென்றால் இந்த நேரத்தில் மால்மோவிலிருந்து ஏன் வருகிறாய்?"

"லீவுக்குப் போனேன்."

அன்று செவ்வாய்க்கிழமை. பள்ளிப் பை மடியில் இருந்தது. அவர் என்னையும் பையையும் பார்த்துவிட்டு, அட்டையை என் கைக்குள் வைத்து, விரல்களையும் மூடிவிட்டுப் போனார்.

பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன். ஏசுவார் என்று பயந்திருந்தேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"கெட்டிக்காரி! புயலுக்கை நிண்டும் மறக்கேல்ல பாத்தியே? என்ர பிள்ளை."

அப்பா என்னை அப்படிப் புகழ்ந்தது குறைவு. அந்த ஆள் நம்பவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

பெரியப்பா வீட்டில் பெரியம்மாதான் எனக்குக் காலையில் பால் சூடாக்கித் தருவார். அவர் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தார். டேனிஷ் நன்றாகத் தெரியும், கடிதங்களைத் தானே வாசிப்பார். என் பெயருக்குக் கொமூனிலிருந்து கடிதம் வரத் தொடங்கியபோது அவருக்குத் தூக்கம் போனது. பல் வைத்தியருக்கு ஒன்று, நீச்சல் வகுப்புக்கு ஒன்று. பிறகு, இந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று ஒன்று. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் நேரே சொன்னார்.

"எனக்குப் பயமாக் கிடக்கு. ஆக்கள் வந்து பாத்தா என்ன சொல்லுறது? பேசாமக் கொமூனுக்கு உண்மையைச் சொல்லிப்போடுவம்."

"இன்னும் கொஞ்ச நாள் அண்ணி. கடிதம் வரட்டும்."

"வந்தாச் சரி. வராட்டி?"

அப்பா குளிரங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ரயிலில் வரும்போது, "உவவுக்குத் தன்ர தங்கச்சியை நான் செய்யேல்ல எண்ட எரிச்சல்" என்றார். அம்மா இறந்தபின் பெரியம்மாவின் தங்கையைத்தான் முதலில் அப்பாவுக்குப் பேசியிருந்தார்கள். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். அது எனக்கு அன்றுதான் தெரியும்.

மாசியில் பள்ளி விடுமுறை வந்தது. ஒரு புதன்கிழமை பின்னேரம், இரண்டு மணி இருக்கும். மால்மோவில் எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை நிலத்துக்குக் கீழே இருந்தது. முறைவைத்துத்தான் பாவிக்கலாம். எங்கள் முறை புதன் பின்னேரம். சின்னம்மா கூடையோடு கீழே போயிருந்தார். நான் மெத்தையில் கிடந்து, பள்ளி நூலகத்தில் எடுத்த டேனிஷ் புத்தகம் ஒன்று வாசித்துக்கொண்டிருந்தேன். கதவில் இரண்டு தட்டு.

தட்டினால் திறக்கக் கூடாது. ஆனால் கை நிறையக் கூடையோடு சின்னம்மாதான் நிற்கிறார் என்று நினைத்துத் திறந்துவிட்டேன்.

சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒரு பெண். கையில் மெல்லிய கோப்பு. குடிவரவு அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, அப்பாவின் பெயரையும் சொல்லி, ஸ்வீடிஷில் ஏதோ கேட்டார். வேகமாகக் கேட்டதால் எனக்குப் பாதிதான் விளங்கியது. வேலை, வேலை என்று இரண்டு தரம் சொன்னேன். அவருடைய கண் என் கையிலிருந்த புத்தகத்தில் நின்றது. முகம் மலர்ந்தது.

"ஓ, உனக்கு டேனிஷ்தான் சுகமா? நான் கோப்பன்ஹேகனில் படித்தவள்" என்று டேனிஷுக்கு மாறினார்.

நல்ல டேனிஷ். எங்கள் வகுப்பாசிரியை போலவே. பயந்துபோயிருந்த ஒரு பிள்ளைக்கு உதவி செய்கிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

"அப்பா எத்தனை மணிக்கு வருவார்?"

"ஐந்து மணிக்கு."

"நீ இங்கேயா இருக்கிறாய்?"

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ தெரியாது. சுவீடனில், மால்மோவில், எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காதில் விழுந்தது டேனிஷ். யோசிப்பதற்கு முன்பே வாய் திறந்துவிட்டது.

"இல்லை. புரொண்பியில், பெரியப்பா வீட்டில் இருக்கிறேன். இங்கே லீவுக்கு மட்டும் வருவேன்."

"அப்படியா? அப்பா?"

எனக்கு அதற்குப் பாடம் இல்லை. அவர் என் தலைக்கு மேலாக உள்ளே பார்த்தார். மெத்தைகள், ஒரு கதிரை, நாலு சூட்கேஸ். கோப்பைத் திறந்து நின்றபடியே எழுதினார். நீளமாக எழுதினார். பேனையின் சத்தம்கூடக் கேட்டது.

"நீ மிக நன்றாகப் பேசுகிறாய்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்தச் சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரத்தில் சின்னம்மா மேலே வந்தார். சவர்க்கார மணம். கன்னம் சிவந்திருந்தது.

"ஆரும் வந்தவையே?"

"இல்லை."

அன்று பின்னேரம் அப்பாவிடம் சொல்லியிருந்தால், மறுநாளே அவர் அந்த அலுவலகத்துக்குப் போய், பிள்ளை பயத்தில் சொல்லிவிட்டாள், பாடசாலைக்காகச் செய்த வேலை இது என்று மன்னிப்புக் கேட்டிருப்பார். சம்மதித்திருப்பார்களோ தெரியாது. கேட்கவாவது செய்திருக்கலாம். அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் அதற்கடுத்த நாள் என்றாகியது. ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் திரும்பி வரவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு பின்னேரமும் கீழே தபால் பெட்டியை நான்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

கடிதம் வந்த அன்று நான் முதலில் பார்க்கவில்லை. பங்குனியில் ஒரு சனிக்கிழமை, அப்பாவே எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்வீடிஷில் இரண்டு பக்கம். அப்பாவுக்கு டேனிஷே வேலைத்தளத்து டேனிஷ். எங்கள் வீட்டுக் கடிதமெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்லுவேன். ஸ்வீடிஷையும் டேனிஷை வைத்து ஊகித்து வாசித்துவிடுவேன்.

"வாசி பிள்ளை."

அப்பா கதிரையில் இருந்தார். சின்னம்மா தேத்தண்ணி வடிக்கும் துணியைக் கையில் பிடித்தபடி அடுப்படியில் நின்றார். நான் நின்றபடி வாசித்தேன். முதல் பந்தியிலேயே மறுப்பு என்ற சொல் வந்தது. அதைச் சொன்னேன். சின்னம்மா மெதுவாக நிலத்தில் உட்கார்ந்தார்.

"ஏனாம்? காரணத்தை வாசி."

இரண்டாம் பக்கத்தில் இருந்தது. இப்போதும் அந்த வரி பக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்று என்னால் காட்ட முடியும். வீட்டுக்கு நேரில் சென்றபோது, வீட்டிலிருந்த பிள்ளை தான் டென்மார்க்கில் தந்தையின் சகோதரனுடன் வசிப்பதாகவும், மால்மோவுக்கு விடுமுறைக்கு மட்டும் வருவதாகவும் கூறியது.

"என்ன எழுதியிருக்கு? ஏன் நிப்பாட்டினனீ?"

"தகவல் கிடைச்சிருக்காம்" என்றேன். "நாங்கள் உண்மையா இஞ்ச இருக்கேல்ல எண்டு."

"தகவலோ? ஆர் குடுத்தது?"

"அது எழுதேல்ல."

அப்பா கதிரையிலிருந்து எழும்பினார். பிறகு சின்னம்மாவைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

"பெட்டிசம்."

எங்கள் ஊரில் அது ஒரு வழக்கம். ஆகாதவன் வீடு கட்டினால், வேலைக்கு விண்ணப்பித்தால், பெயர் போடாமல் அரசாங்கத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதிப் போடுவார்கள். அதைத்தான் பெட்டிசம் என்போம். ஊர் விட்டு எத்தனை கடல் தாண்டி வந்தும், ஒரு காரியம் குழம்பினால் எங்கள் ஆட்களுக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். மேல்முறையீடு செய்ய மூன்று கிழமை என்று கடைசி வரியில் இருந்தது. அதை வாசித்துச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த நாளே புரொண்பிக்குப் போனோம். என்னையும் கூட்டிப்போனார். சின்னம்மா வரவில்லை.

"முதல்ல உள்ளுக்கு வந்து இரு தம்பி. சப்பாத்தைக் கழட்டு" என்றார் பெரியப்பா.

"இருக்க வரேல்ல அண்ணை. அண்ணியைக் கூப்பிடுங்கோ."

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எவ்வளவு நாளா உந்த எண்ணம் அண்ணி?"

"என்ன எண்ணம்?"

"பெட்டிசம் போடுற எண்ணம்."

"விசரே உமக்கு?"

"உங்கட தங்கச்சியைச் செய்யேல்ல எண்ட கோவம் இன்னும் ஆறேல்ல, என்ன?"

"அவள் லண்டனில நல்லா இருக்கிறாள். உம்மட்ட மாட்டுப்படாதது அவள் செய்த புண்ணியம்."

"கொமூனுக்கு உண்மையைச் சொல்லிப்போடுவம் எண்டு தையில சொன்னது ஆர்? நானே?"

"சொன்னனான். உம்மட முகத்துக்கு நேர சொன்னனான். முகத்துக்கு நேர சொல்லிப்போட்டு ஒளிச்சிருந்து எழுதுவனே?"

அப்போது பெரியப்பா திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இந்த வயதில்தான் தெரிகிறது. பெரியம்மாவுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். அவர் இரண்டு ஆண்களையும் விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நீ சொல்லு. ஒவ்வொரு நாளும் என்ர கையால குடிக்கிறனீ. நான் அப்பிடிச் செய்வனே?"

நான் அவருடைய கையைப் பார்த்தேன். மா ஒட்டியிருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

"அவளைக் கேக்க வேண்டாம்" என்று அப்பா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். கழுத்திலிருந்த திறப்பைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு வரச் சொன்னார்.

அந்த மூன்று கிழமையும் பெட்டிசத்திலேயே போனது. இங்கிலிஷ் தெரிந்த ஒருவரைப் பிடித்து அப்பா மேல்முறையீடு எழுதுவித்தார். பொறாமை கொண்ட உறவினர் போட்ட பொய்ப் பெட்டிசத்தை நம்ப வேண்டாம் என்று நாலு பக்கம். பிள்ளை சொன்னதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எப்படி இருக்கும்? சித்திரையில் பதில் வந்தது. எங்களுக்கு அப்படி எந்தக் கடிதமும் கிடைக்கவில்லை, மறுப்புக்கான காரணங்களுக்கு நீங்கள் பதிலளிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். இதை அப்படியே வாசித்துச் சொன்னேன். பயந்து பயந்து வாசித்தேன்.

"அப்பிடித்தான் சொல்லுவினம். போட்ட ஆளைக் காட்டிக் குடுக்க மாட்டினம்" என்றார் அப்பா.

வைகாசியில் சின்னம்மா போனார். அப்பா வேலை செய்யும் அதே விமான நிலையத்தால்தான். மூன்று மாதத்தில் திரும்பி வருவேன் என்றார். வரிசையில் நிற்கும்போது என்னைத் திருப்பி நிற்பாட்டி, பின்னலை அவிழ்த்து, திரும்பவும் பின்னிவிட்டார். அவசரம் இல்லாமல், ஒவ்வொரு முடியாக.

"தலையை ஒழுங்கா இழுக்கவேணும். உன்ர கொப்பரை நம்பாதை, அவருக்கு வகிடு எடுக்கத் தெரியாது."

நான் அழுதேன். நல்ல பிள்ளை, அழாதே என்றார். அந்தச் சொல்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அவர் திரும்பி வரவில்லை. அப்பா இரண்டு தரம் ஊருக்குப் போய்வந்தார். பிறகு போகவில்லை. சில வருடத்தில் சின்னம்மா கனடாவில் இருக்கும் தமையனிடம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். பெரியப்பா என் பெயரைத் தன் முகவரியிலிருந்து எடுத்துவிட, எனக்குப் பள்ளிக்கூடமும் போனது. அப்பா டென்மார்க்கின் மறுகோடியில், ஓகூஸ் நகரில் ஒரு களஞ்சியத்தில் வேலை தேடி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அரை வருடம் பள்ளியில்லாமல் இருந்தவள் பிறகு படிப்பில் எழும்பவே இல்லை.

அண்ணனும் தம்பியும் அதன்பிறகு கதைக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல். இரண்டு வருடத்துக்கு முன் பெரியப்பா இறந்தபோது அப்பா வரவில்லை. நான் மட்டும் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

நான் இப்போது கோப்பன்ஹேகன் பக்கம் ஒரு வயோதிபர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஆட்களோடு அதிகம் கதைக்கத் தேவையில்லாத வேலை. போன இலையுதிர்காலத்தில், இடுப்பெலும்பு முறிந்து நடைபழக ஆறு கிழமைக்கு அங்கே ஓர் அம்மா வந்தார். தட்டில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தேன். பெரியம்மா.

மூன்று நாள் தட்டை மற்றவர்களிடம் கொடுத்தனுப்பினேன். நாலாம் நாள் நானே கொண்டுபோனேன். அடையாளம் கண்டுகொண்டார். அதிகம் கதைக்கவில்லை. அடுத்த நாள் வீட்டிலிருந்து கொஞ்சம் புட்டும் சம்பலும் கொண்டுபோனேன். அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, யன்னல் பக்கம் பார்த்தபடி தானாகவே சொன்னார்.

"நான் பெட்டிசம் போடேல்ல பிள்ளை."

"தெரியும் பெரியம்மா."

அவர் திரும்பினார். "உனக்கெப்பிடித் தெரியும்?"

சொன்னேன். சாம்பல் தொப்பிப் பெண், டேனிஷ், கடிதத்தின் இரண்டாம் பக்கம் எல்லாம். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததில்லை. அவர் குறுக்கே பேசவில்லை. ஏசவும் இல்லை. கேட்டு முடிந்ததும் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து விட்டார்.

"உன்ர பெரியப்பா சாகிறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னம் என்னைக் கேட்டவர். இப்பவாவது உண்மையைச் சொல்லு, நீ போட்டனீயோ எண்டு. இல்லை எண்டனான். சரி எண்டு தலையாட்டினவர். நம்பேல்ல."

நான் கட்டிலோரத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்தேன்.

"கொப்பருக்குத் தெரியுமோ இது?"

"இல்லை."

"அவளுக்கு? கனடாவில இருக்கிறவளுக்கு?"

"இல்லை."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சொல்லுறாய்? உன்ர நெஞ்சுப் பாரம் குறையவோ?"

வெளியே தாதி யாருக்கோ மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டிச் சக்கரம் கீச்சிட்டது. பெரியம்மா சாப்பாட்டுத் தட்டை ஒருபக்கம் தள்ளி வைத்தார்.

"போனை எடு. இப்ப எடு. எனக்கு முன்னால இருந்து கதை."

எடுத்தேன். ஓகூஸில் அப்பா உடனே எடுத்தார். பின்னால் தொலைக்காட்சியில் யாரோ உரக்கக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம் பிள்ளை, சொல்லு. என்ன இந்த நேரத்தில?"

பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றேன். "மால்மோவில வந்த கடிதத்தில ஒரு வரியை நான் உங்களுக்கு வாசிக்கேல்ல."

மறுபக்கத்தில் அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.